சின்ன மாமாவின் சப்பாத்து மெத்தை

வேலைச் சப்பாத்துக்குள் போடும் மெத்தை வாங்க நான் எப்போதும் சாயங்காலம்தான் கடைக்குப் போவேன். நாள் முழுக்க நின்ற கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கி, தன் உண்மையான அளவைக் காட்டும். தொழிற்சாலைக்குப் போடும் காலுறையைக் கையோடு எடுத்துப் போவேன். பழைய மெத்தையை உருவிவிட்டுத்தான் புதியதைப் போட்டுப் பார்ப்பேன். கடைப் பையன் கடிகாரத்தைப் பார்ப்பான். பார்க்கட்டும். பத்து வயதில் வந்த பழக்கம் இது. வந்த விதம்தான் கொஞ்சம் வேறு.

அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். தினமும் ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த்துக்குப் போவார். அங்கே கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை; முனையில் இரும்பு வைத்த சப்பாத்து. முந்தின தைப்பூசத்துக்கு அவர் பால்காவடி எடுத்திருந்தார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், வெயிலில் கொதித்த தார் ரோட்டில், பாதியிலேயே உள்ளங்கால் கொப்பளித்து உட்கார்ந்துவிட்டார். மீதி தூரத்துக்குக் காவடி அவருடைய கூட்டாளியின் தோளில் போனது. அதன் பிறகு வீட்டில் யார் கால் கழுவினாலும் மாமாவுக்குத்தான் கிண்டல். இந்த முறை கடைசிப் படிவரை தானே தூக்கிப் போவதாக முருகனிடமும், அதைவிட முக்கியமாக அம்மாவிடமும் அவர் சொல்லியிருந்தார்.

பூசத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது, வாசலில் கிடந்த சப்பாத்துகளை ஜோடி சேர்த்து அடுக்கப் போய், மாமாவுடையதற்குள் கைவிட்டேன். மெத்தை இல்லை. கட்டை மாதிரி அடி மட்டும் இருந்தது. காலுறைகூடப் போடாமல் அதற்குள் காலை விட்டுக்கொண்டு போகிறார். போன வருஷம் கொப்பளித்த கால். இப்படியே விட்டால் இந்த வருஷமும் கொப்பளிக்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

சூலியா தெருக் கடைக்கு, சப்பாத்தின் அடியை அட்டையில் வரைந்து வெட்டி எடுத்துப் போயிருந்தேன். தோல் மெத்தை கெட்டியாக இருந்தது. ஸ்பாஞ்சு மெத்தையை அழுத்தினால் விரல் மேஜையைத் தொட்டது. இன்னொன்று குதிகாலில் தடித்து, பாதத்தின் வளைவில் மேடு கட்டி, அழுத்தியதும் மெதுவாக எழும்பியது. அதையே எடுத்தேன். பிறகு மிக மொத்தமான காலுறைக்குக் கை நீட்டினேன். கடைக்காரர் தடுத்தார்.

"மெத்தையும் மொத்தம், சாக்ஸும் மொத்தம்னா வெரலு எங்கம்மா போகும்? இரும்புல போய் இடிக்கும்லா."

கணுக்காலுக்கு மேல் ஏறும் நடுத்தரமான பருத்திக் காலுறை வாங்கினோம். என் மச்சானுக்கு, நல்லதாகவே கொடுங்கள் என்று அப்பா அவரிடம் இரண்டு தடவை சொன்னார்.

மாமா மெத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா பத்திரிகையால் முகத்தை மறைத்திருந்தார். மாமா என் முன்னாலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்து காட்டினார்.

வெறும் அடியில் ஒரு மாதம் உராய்ந்தால் உள்ளங்கால் காய்த்துப்போகும், தார்ச் சூடு உறைக்காது என்றுதான் மாமா பழைய மெத்தையைப் பிடுங்கிப் போட்டிருந்தார். வீட்டில் அது தெரியாத ஒரே ஆள் நான்.

அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வந்ததும் சப்பாத்துக்குள் கைவிட்டுப் பார்ப்பேன். மெத்தை சூடாக இருக்கும். விரல்களின் பதிவு நாளுக்கு நாள் ஆழமானது. காலுறைகளை நானே துவைத்தேன். ஒருநாள் சமையலறையில் அம்மா அவரைக் கடிந்துகொள்வது கேட்டது. பாதம் மறுபடியும் குழந்தைப் பாதம் போல ஆகிவிட்டதாம். ஃபெரியிலேயே மெத்தையை உருவிப் பையில் போட்டுக்கொண்டால் என்னவாம்.

"புள்ள டெய்லி கைய விட்டுப் பாக்குதுக்கா. சூடு இல்லன்னா கண்டுபிடிச்சிரும்," என்றார் மாமா.

என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று மாமா காவடியோடு ரோட்டின் வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்தார். ஒரு கோடு முடிந்தால் அடுத்ததற்கு எட்டிக் கால் வைத்தார். அதுவும் விரதத்தில் சேர்ந்தது என்று நினைத்து, செருப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நானும் அவர் பின்னால் கோட்டின் மேலேயே பக்தியோடு நடந்தேன். கால் அவ்வளவாகச் சுடவில்லை. வெள்ளைச் சாயத்தில் சூடு குறைவு என்று யாரும் சொல்லவில்லை. முருகன் அருள் என்று இருந்துவிட்டேன். காலையில் சிரித்துக்கொண்டிருந்த அப்பா, தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் வாளியோடு ஓடி, மச்சான் காலில் ஊற்றிக்கொண்டே வந்தார். மலைப்படியில் மாமா நொண்டினார். ஆனால் காவடி வேறு தோளுக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேசினில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். மெத்தை சௌகரியமாக இருந்ததா என்று கேட்டேன். மேகத்துமேல் நடந்த மாதிரி இருந்தது என்றார். அப்படியானால் அடுத்த வருஷமும் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வாங்கும்மா. ஆனா தைப்பூசம் முடிஞ்சப்புறம் வாங்கு."

அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போய்ச் சிரித்தார். பூசம் முடிந்தால் கடையில் விலை இறங்கும் போலிருக்கிறது, மாமா எங்களுக்காகச் சிக்கனம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.