கர்ணம் ஏறிய தோணி

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. சதுரமான தகர டப்பா. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றிய கறை இன்னும் போகவில்லை. என் மருமகள் வெந்நீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்து அலுத்துவிட்டாள். இப்போது அதில் ரேஷன் கார்டும் பட்டா புத்தகமும் இருக்கின்றன, எல்லாம் தெலுங்கில். அந்த டப்பா கண்ணில் படும்போதெல்லாம் எங்கள் ஊர்க் கர்ணத்தின் முகம் நினைவுக்கு வரும். வந்ததும் வயிறு எரியும். அவன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கருமாதியன்று அவன் மகன் என்னைக் கேட்டான். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

கர்ணம் என்றால் ஊரின் நிலக்கணக்கை எழுதுகிறவன். பட்டணத்தில் இருப்பவர்களுக்கு அந்த வேலையின் கனம் தெரியாது. பிச்சாட்டூருக்கு மேற்கே, ஆரணியாற்றங்கரையில் இருந்த எங்கள் ஊரில் தாசில்தாரைக் கண்ணால் பார்த்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். எல்லோருக்கும் அரசாங்கம் என்றால் கர்ணம்தான். அவன் ஒரு காகிதத்தை நீட்டினால் ஊரே கட்டைவிரலை நீட்டும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு. கேட்டாலும் அது தெலுங்கில் இருக்கும். இந்த அதிகாரம் அவனுக்கு இருபத்தாறு வயதில் அவன் அப்பா செத்ததும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு அவனும் நானும் புத்தூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வீட்டில் என்னைப் போலவே தமிழ் பேசியவன்தான். ஆனால் எதிலிருந்தாவது நழுவ வேண்டுமென்றால் தெலுங்குக்குத் தாவிவிடுவான். "போனீலேரா" என்பான். போகட்டும் விடு என்று அர்த்தம். வாழ்க்கையில் அவனிடமிருந்து அதிகம் கேட்ட சொல் அதுதான்.

ஆந்திரம் தனி ராஜ்யமாகப் பிரிந்து, எல்லை ஊர்கள் எந்தப் பக்கம் என்று இழுபறியாகக் கிடந்த வருஷங்கள் அவை. நான் ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கூரைக் கொட்டகை, முப்பது பிள்ளைகள், ஒரே வாத்தியார். ஊர் ஆந்திரத்தில் நின்றுவிட்டால் தமிழ் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. வேறு தொழில் தெரியாது. தெலுங்கில் பேரம் பேசுவேனே தவிர, நாலு வரி சேர்ந்தாற்போல் படிக்க வராது. ஆகவே எங்கள் ஊரை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று நானே உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். மொழிப்பற்று என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பாதி பற்று, பாதி பயம்.

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. வீடு வீடாகப் போய் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்க எனக்குச் சோம்பலாக இருந்தது. கூச்சமாகவும் இருந்தது. வாத்தியார் கேட்டால் நாலு கேள்வி கேட்பார்கள். கர்ணம் கேட்டால் கேட்க மாட்டார்கள். அதனால் மனுவை அவனிடமே கொடுத்து, "நீ ஒரு சுத்து சுத்திக்கினு வந்துடுடா" என்றேன். அவன் மறுக்கவில்லை. மூன்றே நாளில் ஊர் முழுக்கக் கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்து நீட்டினான். எங்கள் நைனா, அதாவது என் அப்பாவின் கட்டைவிரல் ரேகைகூட அதில் பதிந்திருந்தது. அவனை அன்றைக்குக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

எல்லை விசாரணை அதிகாரி பொன்னேரிப் பக்கம் ஒரு பயணியர் விடுதியில் தங்கி மனு வாங்குகிறார், சனிக்கிழமையோடு கிளம்பிவிடுவார் என்று செய்தி வந்தபோது கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாகலாபுரத்துக்கு இந்தப் பக்கமே சாலை அறுத்துக்கொண்டு போய்விட்டது. பஸ் இல்லை, வண்டி போகாது. ஆற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. பிச்சாட்டூர் அணை கட்டாத காலம், வருஷத்தில் இருபது நாள்தான் எங்கள் ஆறு ஆறாக இருக்கும். எங்கள் சிநேகிதன் மளிகைக்கடைக்காரன் பழவேற்காட்டில் பெண் எடுத்தவன். மாமனார் வீட்டில் தோணி தள்ளப் பழகியிருந்தான். எங்கள் ஊர் ஏரி மீன் குத்தகைக்காரரிடம் ஒரு சின்னத் தோணியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தான். அவன் கடை பிஸ்கட் டப்பாவிலேயே மனுவை வைத்து, மெழுகுவத்தியை உருக்கி மூடியை அடைத்தோம். புறப்படும் நேரத்தில் கர்ணம் வந்து நின்றான். தானும் வருவதாகச் சொன்னான். அதிகாரியிடம் இங்கிலீஷிலும் தெலுங்கிலும் பேச ஓர் ஆள் வேண்டாமா என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு முட்டாள் நான்.

மூன்று பகல் பயணம். ஆற்றின் அழகைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. தண்ணீர் செம்மண் குழம்பாக இருந்தது. செத்த ஆடுகளும் வைக்கோல் போரும் கூடவே மிதந்து வந்தன. கடைக்காரன் பின்னால் நின்று மூங்கில் கழியால் தள்ளினான், நான் நடுவில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கர்ணம் முன்னால் உட்கார்ந்து மரக்கிளைகளை விலக்கினான். என் பெண்டாட்டி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றில் அதிகம் தின்றவன் அவன்தான். மறுநாள் காலை ஒரு மண்டபத்தடியில் குளித்தோம். அவன் சட்டையைக் கழற்றாமலே முழுகி எழுந்தான். ஈரச் சட்டைக்கு அடியில் இடுப்பு தடித்துத் தெரிந்தது. "கர்ணம் வேல வந்ததும் தொப்பயும் வந்துட்ச்சா?" என்று கடைக்காரன் கிண்டல் செய்தான். "போனீலேரா" என்று சிரித்தான்.

சுருட்டப்பள்ளி அணைக்கட்டில் தோணியைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்து, கீழே மறுபடி இறக்கினோம். சிவன் படுத்துக்கொண்டிருக்கும் கோயில் அங்கேதான் இருக்கிறது. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கடைக்காரன் சொன்னான். நேரமில்லை என்று அவசரப்படுத்தியது நான். இறங்கிய நூறு கஜத்துக்குள் சுழலில் மாட்டித் தோணி கவிழ்ந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. நாணல் புதர் ஒன்று கைக்குக் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கடைக்காரன் தோணியைப் பிடித்துவிட்டான். கர்ணம் அதற்குள் கரையேறிச் சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றான். டப்பா ஆற்றின் நடுவில் ஒரு முறை மேலே வந்து அமுங்கியது. நான் "டப்பா, டப்பா" என்று கத்தினேன். தலையில் அடித்துக்கொள்ள ஒரு கை மிச்சமில்லையே என்று அழுதேன்.

அவன் மறுபடி தண்ணீரில் குதித்தான். கரையில் பத்திரமாக நின்றவன், யாரும் அவனைக் கூப்பிடவில்லை. இரண்டு முறை காணாமல் போனான். மூன்றாம் முறை டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வெகுதூரம் கீழே கரையேறினான். நெற்றியில் கல் பட்டு ரத்தம் வழிந்தது. டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு, மெழுகு விடவில்லை என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு நாள் அவனைத் தெய்வமாக நினைத்தேன். மிச்ச வழியெல்லாம் என் வேட்டியைக் கிழித்து அவன் நெற்றிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே போனேன்.

விடுதி வராந்தாவில் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் டப்பாவின் மெழுகைப் பெயர்த்து மனுவை எடுத்து வைத்தேன். ஒரு துளி ஈரம் இல்லை. அதிகாரி தலையாட்டினார். அப்போது கர்ணம் சட்டையைத் தூக்கி, இடுப்பில் கட்டியிருந்த ரெக்ஸின் துணியை அவிழ்த்து, அதிலிருந்து இன்னொரு மனுவை எடுத்து என் மனுவுக்குப் பக்கத்தில் வைத்தான். ஓரங்கள் நனைந்து மை ஊறியிருந்தது. தெலுங்கில் எழுதியது. எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே இருக்க வேண்டும் என்று ஊரார் அனைவரும் கேட்டுக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். அதிகாரியின் குமாஸ்தா இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார். அதே பெயர்கள், அதே வரிசை, அதே மை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விரலைப் பிடித்து இரண்டு காகிதத்தில் அழுத்தியிருக்கிறான். எங்கள் நைனாவும் இரண்டிலும் இருந்தார். அதிகாரி இரண்டு மனுவையும் ஒரே நாடாவால் கட்டி, அடுத்த ஊரைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவனை அறைந்தேன். நெற்றிக் கட்டு அவிழ்ந்து விழுந்தது. அவன் கையை ஓங்கவில்லை. "மேல தாலுக்கா ஆபீஸ்ல கேட்டாங்க, வாங்கித் தரன்னேன். நீ கேட்ட, உனுக்கும் வாங்கித் தரன்னேன். ரெண்டு பேர்கிட்டயும் இல்லன்னு சொல்ல வாய் வரலடா" என்றான். அதோடு அவனோடு பேச்சு முடிந்தது. தோணியில் ஏறாமல் பொன்னேரியிலிருந்து ரயில் பிடித்து, சுற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். நைனாவிடம் ஏன் இரண்டிலும் விரல் வைத்தாய் என்று கேட்டதற்கு, "கர்ணம் கேட்டாரு, வெச்சேன். இன்னான்னு கேக்க முடியுமா?" என்றார். அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. தமிழ் வகுப்பு மூன்று வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து மூடப்பட்டது. நான் முப்பது வயதுக்கு மேல் என் மாணவர்களின் தம்பிகளோடு உட்கார்ந்து தெலுங்கு படித்து, பரீட்சை எழுதி, திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை வாங்கி, ஓய்வு பெறும்வரை எனக்குப் பிடிக்காத மொழியில் எனக்குப் பிடித்த கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். இடுப்பில் துரோகத்தைக் கட்டிக்கொண்டு என் சோற்றைத் தின்றவன் என்று சொன்னால் கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அரசாங்கம் கர்ணம் வேலையையே ஒழித்துவிட்டது என்று பத்திரிகையில் வந்த அன்று கடைக்குப் போய்க் கால் கிலோ ஜாங்கிரி வாங்கி வந்து தின்றேன். சர்க்கரை வியாதிக்காரன் நான்.

இந்தக் கதையில் ஒரு துண்டை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. விடுதி வராந்தாவில், இரண்டு மனுவிலும் முதல் வரியில் இருந்த கையெழுத்தின் மேல் குமாஸ்தா விரலை வைத்தார். கைநாட்டுகளுக்கு நடுவே நல்ல தமிழில் அழுத்தமாகப் போட்ட கையெழுத்து. "ஈ சந்தகம் எவரிதி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், இது யாருடைய கையெழுத்து என்று. "தெலியது" என்றேன். மதராஸுக்குப் போக வேண்டும் என்று மூன்று நாள் தண்ணீரில் வந்தவன், தெரியாது என்பதைத் தெலுங்கில் சொன்னேன். கர்ணம் என்னைப் பார்த்தான். கடைக்காரன் கூரையைப் பார்த்தான். 

அவன் சாவதற்கு முந்தின வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு பிசகி, புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். படட்டும் என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறிவிட்டேன். எலும்பு வைத்தியர் கொட்டகையில், முட்டை வெள்ளைக்கரு நாறும் கட்டோடு மூங்கில் தப்பைகளுக்கு நடுவில் கிடந்தான். நெற்றியில் அந்தத் தழும்பு இருந்தது. நலம் விசாரிக்கவில்லை நான். இத்தனை வருஷம் கேட்காததை நேராகக் கேட்டேன். டப்பா முழுகியிருந்தால் உன் மனு மட்டும்தானே அதிகாரி கைக்குப் போயிருக்கும், எதற்கடா எடுத்துக் கொடுத்தாய் என்றேன்.

"நீ அழுதுக்கினு இருந்தியே" என்றான்.

அவ்வளவுதான் காரணம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தப்பைகளைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அவன் என் பக்கம் தலையைத் திருப்பி, "ஏன்டா வாத்தியாரே, அந்த மொத கையெழுத்து யார்துடா?" என்று கேட்டான். வாய் ஓரத்தில் பள்ளிக்கூடத்துச் சிரிப்பு. எங்களைத் தவிர அங்கே வேறு யாருமில்லை. தெரியாது என்றேன். "போனீலேரா" என்றான்.

இன்று காலை மருமகள் ரேஷன் கார்டு கேட்டாள் என்று டப்பாவை இறக்கினேன். நகத்தால் மெழுகைச் சுரண்டினேன், வரவில்லை. கர்ணத்தை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது பொய் என்று தெரிந்துவிட்டது. நான் மனுவை அவனிடம் ஒப்படைத்த அன்றே அவன் என் மனுவோடு இன்னொரு காகிதத்தையும் முதலில் என்னிடமே நீட்டி, அது அதன் தெலுங்கு நகல் என்றான். நான் பள்ளிக்கூட வாத்தியார், படித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். ஊரார் விரலை நீட்டியதுபோல நானும் பேனாவை எடுத்தேன். அந்த முதல் கையெழுத்து என்னுடையது.