நிறுத்தும் உரிமை

சென்ற வாரம் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தேன். அங்கே என் தமக்கை மகன் குமரன், கம்பிவலை பின்னும் தொழிற்சாலை ஒன்றை நடத்துகிறான். அண்மையில் ஏதோ நிர்வாகப் பயிற்சிக்குப் போய்வந்தவன், முடிவெடுக்கும் உரிமையைத் தொழிலாளரிடமே ஒப்படைப்பதாக அறிவித்துவிட்டான். அதற்கு நல்ல தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன்.

'ஐயம் எழுந்தால் இயந்திரத்தை நிறுத்துக. எவர் இசைவும் வேண்டா.'

பலகையை மாட்டினார்கள், கைதட்டினார்கள். குமரனின் அறையில் தேநீர் வந்தது.

"இனிமே நான் நிம்மதியா இருக்கலாம் மாமா. எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க."

கோப்பை உதட்டைத் தொடவில்லை... இயந்திரத்தின் ஓசை நின்றது!

அந்த அமைதியில் குமரனின் முகம் போன போக்கை எங்ஙனம் விளக்குவேன்? எழுந்து ஓடினான். நானும் பின்தொடர்ந்தேன் — என் அகவைக்கு இயன்ற விரைவில்.

சிவப்புப் பொத்தானின் அருகே மெர்சி நின்றிருந்தார். அண்மையில்தான் மேற்பார்வையாளராக உயர்வு பெற்றவர்.

"யாரைக் கேட்டும்மா நிறுத்தின? வெளிய லாரி நிக்குது!"

"போர்டுல யாரையும் கேக்க வாணான்னு போட்டுக்கீதே சார்."

"அது சரிம்மா. நிறுத்தறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"ஒரு வார்த்தை சொல்ல உங்க ரூமுக்கு வந்துக்கினு இருந்தா, அதுக்குள்ள மிசினு யார் கையையாவது கடிச்சிடும் சார். உள்ள இன்னாவோ கடகடன்னு சத்தம்."

பின்னாலிருந்து ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "ஆணி அடிச்ச சுத்தியக்கூட இன்னும் கீழ வைக்கல நைனா, அதுக்குள்ள பஞ்சாயத்தா!"

இயந்திரத்தின் கவசத்தைக் கழற்றினார்கள். உள்ளே பழுது ஒன்றுமில்லை. இரும்புச் சட்டத்தின் இடுக்கில் கிடந்தது — ஒரு சிற்றுண்டிப் பாத்திரத்தின் மூடி! யாரோ காலையில் இயந்திரத்தின் மேல் வைத்து மறந்தது, அதிர்ந்து அதிர்ந்து உள்ளே இறங்கியிருக்கிறது. யாருடையது? எவரும் உரிமை கோரவில்லை. மூடியை எடுத்துவிட்டுக் கவசத்தை மீண்டும் மாட்டினார்கள்.

வெளியே லாரி ஒலி எழுப்பியது. அனைவரும் குமரனையே நோக்கினர்.

பழுது இருந்திருந்தால் மெர்சியைப் பாராட்டுவது எளிது. இல்லாதபோதன்றோ சோதனை? ஒரு வசை போதும். மெர்சியின் சொல்லை நாளை எவரும் மதியார். உண்மையாகவே சக்கரம் கழன்றாலும் அந்தச் சிவப்புப் பொத்தானை எந்தக் கையும் நாடாது.

குமரன் மெர்சியிடம் திரும்பினான். "மறுபடியும் சத்தம் கேட்டா என்ன பண்ணுவ?"

மெர்சி பொத்தானின் அருகிலிருந்து நகரவில்லை. "நிறுத்துவேன் சார்."

"அதுவும் டிபன் மூடியா இருந்தா?"

"தொறந்து பாத்தாதான சார், மூடின்னு தெரியும்?"

மீண்டும் லாரியின் ஒலி.

"சரி... நிறுத்து" என்றான் குமரன். அந்த ஒரு சொல்லுக்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

சொன்ன கையோடு, இயந்திரத்தை ஓட்டும் பச்சைப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான்.

"சார்! சார்! அதையும் நாந்தான் போடணும். கவரு சரியா மாட்டிக்கீதான்னு பாக்க வாணாமா?"

நீண்ட கை அந்தரத்தில் நின்றது. தலையைச் சொறிந்தது, மீசையைத் தடவியது. போக்கிடம் இன்றித் தவித்து, கடைசியில் கால்சட்டைப் பைக்குள் புகுந்து அடங்கியது. மெர்சி கவசத்தை அசைத்துப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

நம்பிக்கை மனத்தில் உறைவதாகக் கற்றோர் கூறுவர். நான் கண்டவரையில், அது முதலாளியின் கால்சட்டைப் பையில்தான் இருக்கிறது — கையோடு சேர்த்து!