பாறையடிச் செடி

பினாங் தீவின் மறுகோடியில் இருக்கும் தேசியப் பூங்காவில் எனக்கு வேலை. நடைபாதையோரம் ஒரு பாறையின் பின்னால், எளிதில் காணக் கிடைக்காத காட்டு ஆர்க்கிட் ஒன்று பூத்திருந்தது. இருக்கும் இடத்தை வெளியே சொல்ல மாட்டோம். தெரிந்தால் தோண்டிக்கொண்டு போய் விற்றுவிடுவார்கள். காய் பிடித்து விதை முற்றும்வரை அதைக் காப்பாற்றுவது என் பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்பவர்கள் குடும்பத்தை அழைத்து வரலாம் என்றார்கள். அம்மா முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாள். எங்கள் சுங்கை பினாங் ஃபிளாட்டில் அவள் கை படாத பூந்தொட்டி கிடையாது. யார் வீட்டுச் செம்பருத்தியும் எங்கள் வீட்டுச் சாமிக்குத்தான். வழி நெடுக அவள் கையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். மூச்சு வாங்குகிறது என்று சரியாக அந்தப் பாறையில் போய்ச் சாய்ந்தவள், பூவைப் பார்த்துவிட்டாள்.

நல்லவேளை, பறிக்கவில்லை. பர்சிலிருந்து குங்குமத்தை எடுத்துப் பாறைக்குப் பொட்டு வைத்தாள்.

"இங்க அம்மன் இருக்காடி. ஒடம்பெல்லாம் சிலிர்க்குது பாரு."

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. ரகசியம் லா இது."

"நான் ஏன்டி சொல்லப்போறேன்?"

அவள் முன்னே நடந்ததும் ஈர இலையால் துடைத்தேன். சிவப்பு மங்கியதே தவிரப் போகவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்த அம்மா, பக்கத்து வீட்டு அக்கா அந்த அம்மனிடம் வேண்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"எடத்த சொல்லிட்டியாம்மா?"

"சேச்சே! பூங்காவுல பாலம் தாண்டி பெரிய பாறன்னு மட்டுந்தான் சொன்னேன்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதன் பிறகு ஒவ்வொரு காலையும் பாறையை நெருங்கும்போது கால் தயங்கும். ஒரு நாள் எலுமிச்சம்பழம். ஒரு நாள் மஞ்சள் துணி. அப்புறம் மலையேற வந்த சீனர்கள் யாரோ ஊதுவத்தி கொளுத்தி, ஆரஞ்சுப் பழமும் வைத்திருந்தார்கள். எடுத்துப் போட்டால் மறுநாள் இரண்டு மடங்காக வந்தது. செடியைச் சுற்றி மண் மிதிபட்டு இறுகிவிட்டது. நெருப்புப் பட்டு ஓர் இலை கருகியது. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

மேலதிகாரி வந்து பார்த்தார். இங்கேயே விட்டால் பிழைக்காது, எடுத்துத் தொட்டியில் வை என்றார். தொட்டியில் பிழைக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். யாரும் தோண்டிவிடக் கூடாது என்று காவல் காத்த செடியை, நானே மண்டியிட்டுத் தோண்டினேன். எவ்வளவு பார்த்துத் தோண்டியும் ஒரு வேர் அறுந்தது. அழுதுவிட்டேன்.

அப்போதுதான் பிடித்திருந்த பிஞ்சு, மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. புது இலை இன்னும் வரவில்லை. வேலைக்குப் போனதும் முதலில் தொட்டியைத்தான் பார்க்கிறேன்.

பாறைக்குக் கூட்டம் குறையவில்லை. போன வாரம் அம்மாவும் அக்காவோடு போய்விட்டு வந்தாள். நல்ல தரிசனம் என்றாள். செடி எங்கே என்று கேட்கவே இல்லை.