நூற்று அறுபதில் ஒரு பாட்டு

எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் அது சவுதியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். மிக்சி, அயர்ன் பாக்ஸ், கம்பளி, ஏன், நகவெட்டிகூட. என் கணவர் அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த காலத்தில், அட்டைப்பெட்டிகளில் தன் பெயரைப் பெரிதாக எழுதிக் கொண்டுவந்தவை. நான் என் சம்பளத்தில் வாங்கியது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்பு கோட்டாற்றில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, செகண்ட் ஹேண்டில் எடுத்த 486 ரகக் கம்ப்யூட்டர். இன்றைக்கும் அதைத் துடைத்து, அவ்வப்போது ஓடவிட்டு வைத்திருக்கிறேன். பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

மகளின் நிச்சயத்துக்காக வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தபோது அவர் கண் அதன்மேல் விழுந்தது.

"ஏட்டி, இத அந்த ஆக்கர்காரனுக்குத் தூக்கிக் குடுத்திரு. பழைய இரும்புக்காவது ஆகும். ஒரு பாட்டு பாட வக்கில்லாத சாதனம், என்னத்துக்கு எடத்த அடச்சிட்டுக் கெடக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பாடிச்சுன்னா?" என்றேன்.

"முழுசாப் பாடினா நடுவீட்டுல கெடக்கட்டு. இடையில நின்னா ஆக்கர்தான்."

பாட்டையும் அவரே தேர்ந்தெடுத்தார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபையின் பாடகர் குழு பாடி, எம்பி3-ஆகப் பதிவுசெய்த பாட்டு. கட்டைக் குரலில் அவரும் அதில் இருக்கிறார்.

அவர் கெட்டிக்காரர்தான். எம்பி3 பாட்டு என்பது இறுக்கிச் சுருட்டிய பாய் மாதிரி. கம்ப்யூட்டர் அதை விரித்துக்கொண்டே பாட வேண்டும். என் பழைய பிராசசருக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் அதே சாக்கெட்டில் உட்காரக்கூடிய, அந்த வகையில் கடைசியாக வந்த வேகமான பிராசசர் ஒன்று உண்டு. பழைய கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தவர்களின் ஆன்லைன் குழுவில் கேட்டுவைத்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அனுப்பினார். என் போர்டு கொடுப்பது ஐந்து வோல்ட். புது ஆளுக்கு மூன்றரைகூட வேண்டாம். இடையில் ஒரு அடாப்டர் வைக்காமல் சொருகினால் கருகிவிடும். வைத்துத்தான் சொருகினேன்.

புது பிராசசர்மேல் எழுதியிருந்த வேகம் நூற்று முப்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் பாட்டு வந்தது, ஆனால் திக்கித் திக்கி.

"நான் இப்பிடியா பாடினேன்?" என்று சிரித்தார் அவர்.

"சர்ச்சுல கேட்டவங்ககிட்ட கேளுங்க" என்றேன்.

போர்டில் ஜம்பர் என்று சின்னப் பிளாஸ்டிக் தொப்பிகள் உண்டு. அவற்றை இடம் மாற்றினால் வேகம் மாறும். முப்பத்து மூன்றில் இருந்த போர்டை நாற்பதுக்கு ஏற்றினேன். பிராசசர் அதை நான்கு மடங்காக்கிக்கொள்ளும்: நூற்று அறுபது. செய்தவர்களே சொல்லாத வேகம். பாட்டு திக்காமல் வந்தது. இரண்டாவது சரணத்தில் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. பிராசசரைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டுவிட்டது.

நோய் சூடுதான் என்றால் மருந்து தெரியும். இரணியலில் மைக் செட் வாடகைக்கு விடும் கடையில் செத்துப்போன ஆம்ப்ளிஃபயர் ஒன்று கிடந்தது. அதற்குள் சூட்டை இழுத்து வெளியேற்றும் அலுமினியப் பட்டை, நல்ல கனமானது. கேட்டு வாங்கிவந்து, அவருடைய ரம்பத்தாலேயே அளவுக்கு அறுத்து, அடிப்பக்கத்தைச் சமமாக அரம் போட்டு, சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, பிராசசர்மேல் உட்கார வைத்தேன். மேலே ஒரு குட்டி ஃபேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பரீட்சை. அவர் தன் அக்காவையும் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார். பிறகு எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார், சீலிங் ஃபேனையும் நிறுத்தினார். சூடேற்றித் தோற்கடிக்கப் பார்க்கிறார்!

"கதவையும் சாத்துங்க" என்றேன். வீம்புக்குத்தான் சொன்னேன்.

பாட்டு தொடங்கியது. மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றியது. முன்பு நின்றுபோன அந்த இரண்டாவது சரணம் வந்தது. அது நிற்காமல் கடந்தது. மூன்றாவதும் கடந்தது. கடைசி ஆமென்னை ஆண்கள் இழுத்துப் பாடி முடிக்கும்வரை ஒரு சின்ன வெட்டுகூட இல்லை. "ஜெயிச்சிட்டேன்" என்று வாய்விட்டே கத்தினேன். அவ்வளவு பெருமை எனக்கு. அவருடைய அக்காதான் முதலில் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"ம், பாடுது" என்றார் என் கணவர். எழுந்து போய் சீலிங் ஃபேனைப் போட்டார்.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வருகிறவர்களுக்கு வீட்டுச் சாமான்களைக் காட்டி, எது எந்த வருஷம் வந்தது என்று சொல்வது அவருடைய வழக்கம். நான் காப்பித் தட்டோடு வந்தபோது மாப்பிள்ளையின் மாமா நடுவீட்டில் இருந்த என் கம்ப்யூட்டரைக் கைகாட்டிக் கேட்டார்.

"இதுவும் சவுதியில இருந்து கொண்டாந்ததுதானா?"

"இல்ல" என்றார் என் கணவர். "அது எனக்க வீட்டுக்காரிக்க. அவ சம்பளத்துல வாங்கினது. உள்ள உள்ளத எல்லாம் அவதான் மாத்தி வேகங்கூட்டினா." என் பக்கம் திரும்பி, "ஒரு பாட்டு போடுட்டி, அவியளும் கேக்கட்டு" என்றார்.

தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் போய் ஸ்விட்சைப் போட்டேன்.