பெஹாலாவின் விளிம்பு

அனந்தலக்ஷ்மி, பெஹாலா பகுதி வரைபடத்தின் மேல் கட்டம் போட்ட கண்ணாடித்தாளை ஒட்டிவிட்டுப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். கட்டடங்கள் முடிகிற கோடு எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அதில் ஒரு புள்ளி. பிறகு பாதி அளவுக் கட்டத்தை வைத்து மறுபடியும் எண்ண வேண்டும். கோடு நேராக ஓடினால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். தாளையே அடைக்கிற மாதிரி நெளிந்தால் நான்கு மடங்காகும். நகரத்தின் விளிம்பு இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அந்த எண்ணை வைத்து ஊர் எப்படிப் பரவுகிறது என்று சொல்லலாமாம்.

1997-இல் அலிப்பூரில் இருந்த நகரத் திட்ட அலுவலகத்தில், வங்காளத் தலைநகரின் தெற்குப் பகுதியான பெஹாலாவை வரைந்து எண்ணும் வேலையை இரண்டு பேரிடம் கொடுத்திருந்தார்கள். ஒருத்தி அனந்தலக்ஷ்மி. இன்னொருவர் ராஜாராமன். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த வரைவாளர்கள். யாருடைய தாள் சரியோ அது டெல்லிக் கருத்தரங்குக்குப் போகும், வரைந்தவர் பெயரோடு. அவர்களுடைய இருபத்தாறு வருஷ வேலையில் வரைவாளர் பெயர் எந்தத் தாளிலும் அச்சானதில்லை.

அவளுக்கு வந்தது இரண்டே கால் மடங்கு. அவருக்கு மூன்றை ஒட்டி.

"தாருண், பிரமாதம்! ராஜாராமன்-தா, இதுதான் நம்ம பெஹாலா!" என்று வங்காளி அதிகாரி சென்குப்தா அண்ணன் முறை வைத்துக் குதூகலித்தார். அவள் தாளைப் பார்த்து, அக்கா முறை வைத்து, "அனந்தா-தி, உங்களது ரொம்ப அழகு. ஆனா ஊர் இவ்வளவு அழகா இருக்காதே" என்றார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ராஜாராமனின் கோணல் கோடுகளை எத்தனை முறை அவள் சுரண்டித் திருத்தியிருக்கிறாள்! அந்தக் கோணலுக்கா பாராட்டு?

மாலை டீ வந்தது. ராஜாராமன் மண் குவளையை இரண்டு கையாலும் பிடித்தார். அப்படியும் டீ தளும்பியது. அனந்தலக்ஷ்மி ஆறு வருஷம் மாமியாருக்குச் சோறு ஊட்டியவள். கைநடுக்கம் எப்படி ஆரம்பிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

'அப்படியா சேதி! பாதி நெளிவு ஊருடையதே இல்லை, இவர் கையுடையது.'

அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டெல்லித் தாள் அவளுடையது. நடுங்கும் கையை வரைபலகையில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அவர் தாளையும், இருவரும் பார்த்து வரைந்த வான்வழிப் புகைப்படத்தையும் உருப்பெருக்கியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆதாரம் வேண்டுமே.

ஆதாரம் கிடைத்தது. டைமண்ட் ஹார்பர் சாலையோரம் புகைப்படத்தில் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அவர் தாளில் ரம்பப் பல்லாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலு விரற்கடை தள்ளிப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. அங்கே வீடுகளுக்கு நடுவே ஏழு குளங்கள். ராஜாராமன் ஏழையும் விடாமல் போட்டிருந்தார். அவள் தாளில் ஒன்றுகூட இல்லை. அரிசி மணியைவிடச் சிறிய ஓட்டையை அடைத்துக் கோட்டைச் சுத்தமாக இழுப்பது அந்த அலுவலக வழக்கம். கை தானாகவே அடைத்திருந்தது. எண்ணிப் பார்த்தாள்: தாள் முழுக்க நூற்றுப்பத்துக் குளங்களை மூடியிருந்தாள்.

அவர் நடுங்கி நெளிவைக் கூட்டியிருந்தார், அவள் பெருக்கித் துடைத்துக் குறைத்திருந்தாள். பொறாமை அடங்கவில்லை. நடுங்குகிற கை பார்த்ததை நேரான கை பார்க்கவில்லை என்பதில் இன்னும் கொஞ்சம் ஏறியது.

மறுநாள் காலை அரைமணி முன்னதாக வந்து, புகைப்படத்தின் மேல் புதுத் தாளை ஒட்டி வரைய ஆரம்பித்தாள். ராஜாராமன் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, மறுபடியும் முதல்லேர்ந்தா?"

"ரெண்டு பேரும் தப்பா பண்ணியிருக்கோம் சார். நான் இழுக்கறேன். எந்தக் குளத்தையாவது நான் முழுங்கினா நீங்க அதட்டுங்கோ. கட்டம் எண்ணறதும் நீங்கதான்."

"என் தாள்தான் பாஸாயிடுத்தே! உங்களுக்கு ஏன் வயிறு எரியறது?"

"எரியறது, இல்லேங்கலே. உங்க ரோட்டோரத்தைக் கொஞ்சம் பாருங்கோ."

உருப்பெருக்கியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு வலது கையை மேஜைக்கடியில் மறைத்துக்கொண்டார்.

"சென்குப்தா கிட்ட..."

"சொல்லலே. சாயங்காலம் நரம்பு டாக்டரைப் போய்ப் பாக்கணும், நானும் வரேன். தள்ளிப்போட்டா சொல்லிடுவேன்."

அவர் தலையாட்டிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். தாளின் மூலையில் பெயருக்கான கட்டத்தில் அவள் இரண்டு பெயரையும் எழுதினாள். தன்னுடையதை முதலில் எழுதினாள்.