முகாமுக்குள் தங்கச்சி

இன்று கடலூர் பேருந்தில் எங்கோ எரியும் சவுக்குச் சருகின் வாசம் வந்ததும், சவுக்குத்தோப்பும் வலை உலரும் மணலும் ஓயாத அலைச்சத்தமுமாக இருந்த எங்கள் குப்பம் நினைவுக்கு வந்தது. என் ஒன்பது வயதில் ராணுவ முகாமுக்காக அதை எடுத்துக்கொண்டு, எங்களைக் கிள்ளைப் பக்கம் குடியேற்றினார்கள். முகாம் இன்னும் இருக்கிறது.

மறுவருடம் அம்மா செம்பில் பாலோடு என்னையும் கூட்டிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனாள்.

“எம் பொண்ணு உள்ள இருக்குது சார்.”

காவலுக்கு நின்ற தமிழ்ச் சிப்பாய் பதறினார். “எப்பம்மா உள்ள போச்சு? எத்தினி வயசு?”

“அஞ்சு. காய்ச்சல்ல போயிடிச்சி. தோப்போரம் பொதைச்சோம்.”

அவர் தணிந்த குரலில் சொன்னார். “தோப்பெல்லாம் வெட்டி சமமாக்கிட்டாங்கம்மா. உள்ள உட மாட்டாங்க. குடுங்க, நான் ஊத்திடறேன்.”

காலிச் செம்பைத் திருப்பித் தரும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கே ஊற்றினார் என்று அம்மாவும் கேட்கவில்லை.