நீல நைலான் கயிறு

அக்கா வீட்டு வாசலில் துணி காயப்போடும் கொடி ஒரு நீல நைலான் கயிறு. வெயிலில் வெளுத்து, நார் நாராகக் கிளம்பி, ஈரப் புடவையைப் போட்டால் தரையைத் தொடும் அளவுக்குத் தொய்ந்துவிட்டது. போன மாதம் புதுக் கொடி ஒன்று வாங்கிக்கொண்டு போய், பழையதை அவிழ்க்கக் கை வைத்தேன். "அதத் தொடாத" என்றாள் அக்கா. குரலை உயர்த்தக்கூட இல்லை.

அது மாமா கட்டிய கயிறு. அக்காவின் கணவர், சென்னையில் பாய்ப்படகுகளுக்குப் பழுது பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். ஊர் திரும்பும்போது, வேண்டாமென்று ஒதுக்கிய சிறிய படகு ஒன்றை அலுமினியப் பாய்மரத்தோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். பென்னாகரத்துக்குத் தெற்கே, மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து தேங்கும் எங்கள் கரையில் பரிசல்தான் உண்டு. "என்னங்க, கப்பல் கம்பெனி ஆரம்பிக்கறீங்களா?" என்று பரிசல்காரர்கள் கேலி செய்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

பாய்மரத்தை நிறுத்த இரண்டு பேர் வேண்டும். உச்சியிலிருந்து இரண்டு கம்பிகள் படகின் இரு பக்கத்துக்கும், ஒன்று மூக்குக்கும் வரும். பக்கக் கம்பிகளை மாட்டிவிட்டு, அடிமரத்தைப் படகின் நடுவிலுள்ள குழியில் வைத்து, தோளால் முட்டுக்கொடுத்து மாமா நிமிர்த்துவார். அக்கா முன்னால் நின்று மூக்குக் கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவள் விட்டால் மரம் அவர் மேலேயே சாயும். "மேல அண்ணாந்து பாக்காத புள்ள, எம் மூஞ்சியப் பாரு. நான் தலையாட்டினா இழு" என்பார். முதல் தடவை நானும் கூட இருந்தேன். கம்பி அக்காவின் உள்ளங்கையை அறுத்துவிட்டது. "ஒண்ணும் இல்லீங்க" என்றுதான் அவள் சொன்னாள். மாமா கேட்கவில்லை. மரத்தை இறக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். இந்தக் கயிற்றைக் கொண்டுவந்து கம்பியின் நுனியில் கட்டி, அவள் கையில் கொடுத்தார்.

அணைத் தண்ணீர் வற்றினால் எங்கள் ஊரில் யாரும் நிலத்தைச் சும்மா விடுவதில்லை. தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் ஈரம் காயும் முன்பே சோளம் விதைப்பார்கள். கொம்பு நட்டுக் கரண்ட் கம்பி இழுத்து, தண்ணீர் ஓரத்தில் மோட்டார் வைப்பார்கள். அந்தக் கோடையில் மாமாவின் படகும் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கியது. அவர் ஒரு வேலையாகச் சென்னைக்குப் போய் வருவதற்குள் கரண்ட் கம்பியும் அங்கே வந்துவிட்டது. தாழ்வாக, ஒழுங்கில்லாமல்.

அன்று நடந்ததை அக்கா ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள். மாமாவின் ஒரு கால் படகில், ஒரு கால் சேற்றில். அவள் மேலே பார்க்கவில்லை. பழக்கப்படி அவர் முகத்தையே பார்த்தாள். தலையாட்டினார், இழுத்தாள். அலுமினிய மரம் நிமிர்ந்து மேலே கரண்ட் கம்பியில் பட்டது. அந்த முகத்தில் உயிர் போனதை அவள்தான் பார்த்தாள். அவள் கையில் இருந்தது காய்ந்த கயிறு. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரைத் தொட ஓடியவளைப் பரிசல்காரர்கள்தான் கட்டிப்பிடித்து நிறுத்தினார்கள்.

கரண்ட் கம்பி இழுத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அக்கா அவர்களைத் திட்டி நான் கேட்டதே இல்லை. புதுக் கொடி வாங்கிப் போன அன்று வாசலில் நின்றபோதுதான் சொன்னாள்: "வெறுங்கம்பியப் புடிச்சிருந்தா நானும் அவரு கூடவே போயிருப்பேன். கயிறு வேணும்னு கேட்டனா நான்? கேக்கவே இல்லியே. அவராத்தான் கட்டுனாரு."

பிறகு ஈரப் புடவையை உதறி, தரையில் படாமல் நாலாக மடித்து, அந்தக் கயிற்றிலேயே போட்டாள்.